ஹெட்டி கிராப்ட்ரீ கணப்பை மூடினார்

ஜனவரி முதல் வாரத்தில், வீடு வீடாக வரும் நர்ஸ் பெவர்லி, ஹெட்டியின் முன்னறைச் சுவரில் நெருப்பு மூட்டும் கணப்பின் மேல்தட்டில், கடிகாரத்துக்கும் பீங்கான் நாய்க்கும் நடுவே ஓர் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அளவு வெப்பமானி அட்டை. பதினெட்டு டிகிரியிலிருந்து மேலே பச்சை, கீழே நீலம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் தொட முடியாத சூட்டில் இருந்த அந்த மத்தியான வேளையிலும் அட்டை பதின்மூன்றைத்தான் காட்டியது.

ஹெட்டிக்கு எண்பத்தொரு வயது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் நெஞ்சுச் சளி முற்றி இரண்டு முறை ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்திருந்தார். மூன்றாவது முறை போனால் திரும்பி வருவது இந்த வீட்டுக்கு இல்லை என்று மகள் கில்லியன் சொல்லிவிட்டாள். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில், லிங்கனில் அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் இல்லம் இருந்தது. ஏப்ரலில் அங்கே ஓர் அறை காலியாகிறது. பெயர் கொடுத்தாயிற்று. பிப்ரவரி முடிவதற்குள் அட்டை பச்சைக்கு வந்துவிட்டால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று தாய்க்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம். நர்ஸ்தான் சாட்சி. பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நானும் ஒரு சாட்சி.

குளிர் மட்டும் கில்லியனின் பயம் இல்லை. அதை என்னிடம் வாசலில் வைத்துத் தனியாகச் சொன்னாள். அம்மா விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும், எத்தனை மணி நேரம் கழித்துத் தெரியும், இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள். எனக்கும் எதை எடுத்தாலும் முதலில் தோன்றுவது கெட்டதுதான்.

ஹெட்டி அதே தெருவில் ஒன்பதாம் எண் வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி முப்பத்தொன்றாம் எண்ணுக்கு வந்தார். வாழ்க்கையில் அவர் வீடு மாறியது அந்த ஒரு தடவைதான். கணவர் டெனிஸ் கிராப்ட்ரீ சாமான்களை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மேட்டில் ஏற்றினாராம், ஹெட்டி பின்னால் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நடந்தாராம். ஹெட்டி இருபத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டர். ஓட்டுநரே டிக்கெட் கொடுக்கும் பஸ்கள் வந்ததும் வேலை போயிற்று. பிறகு பள்ளிக்கூடச் சமையலறை. டெனிஸ் இறந்து இருபது வருடமாகிறது. கண்டக்டர் வேலை மட்டும் ஹெட்டியை விட்டுப் போகவில்லை. வாசலில் யாராவது தயங்கி நின்றால், "உள்ள தள்ளிப் போங்க, நடுவுல எடம் காலியாத்தான இருக்கு" என்பார்.

நான் முப்பத்து மூன்றாம் எண் வீட்டுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து இரண்டு தட்டு. இரும்பைக் கல்லில் அடிக்கிற சத்தம். மிக்ஸியை நிறுத்தினேன். மறுபடி இரண்டு தட்டு, இந்தத் தடவை கொஞ்சம் பொறுமையில்லாமல். வந்த மறுநாளே புகாரா என்று மிக்ஸியை எடுத்து உள்ளே வைத்தேன். சாயங்காலம் ஒரு டப்பா பிஸ்கட்டோடு போய் மன்னிப்புக் கேட்டேன். ஹெட்டி என்னை உட்கார வைத்து, டப்பாவை வாங்கித் திறந்து, ஒன்றைக் கடித்த பிறகுதான் பேசினார்.

"புகார் இல்ல கண்ணு. நான் இன்னும் சாகலன்னு சொல்றேன். நீ திருப்பித் தட்டணும். மேரி தட்டுவா."

மேரி எனக்கு முன் என் வீட்டில் நாற்பது வருடம் இருந்தவர். இந்தத் தெரு வீடுகளின் கணப்புகள் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் ஒரே ஒரு செங்கல் தடிமன். சுவரில் வேறு எந்த இடத்தில் தட்டினாலும் கைதான் வலிக்கும், அந்தப் பக்கம் கேட்காது. கணப்பின் பின்கல்லில், கங்கு கிளறும் கம்பியால் தட்டினால் மணி அடித்த மாதிரி கேட்கும். கில்லியன் பிறந்தபோது ஹெட்டி கம்பியால் விடாமல் தட்ட, கை நிறைய மாவோடு மேரி ஓடி வந்தாராம். மருத்துவச்சி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கில்லியனை முதன்முதலில் சுற்றிய துணியில் ரொட்டி மாவு இருந்தது என்று ஹெட்டி சொல்வார், கில்லியன் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என்னிடம் கம்பி இல்லை. பதினோரு வருடமாகத் தோசைக் கரண்டியால் தட்டினேன். காலை ஏழு மணிக்கு அவர் இரண்டு, நான் இரண்டு. ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவேன். சொல்லாமல் போன ஒரு தடவை அவர் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

இப்போது குளிருக்கு வருகிறேன். கணப்பில் நெருப்பு எரிந்து ஒன்பது வருடமாகியிருந்தது. புகைபோக்கி உள்ளே வெடித்திருக்கிறது, மூட்டினால் புகை மாடி அறைக்குக் கசியும் என்று கரி தட்ட வந்தவர் சொல்லிவிட்டார். மாநகராட்சி ரேடியேட்டர் வைத்துக் கொடுத்தது. அது கக்கிய சூடெல்லாம் நேராகக் கணப்பின் வாய் வழியாக மேலே ஏறி, குன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கணப்பின் முன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார் பெவர்லி. சுடர் படுத்துக்கொண்டு உள்பக்கம் ஓடியது. இதை மூடுங்கள், பத்து நாளில் அட்டை பச்சையாகும் என்றார்.

பெவர்லி போன பிறகு ஹெட்டி என்னைப் பார்த்தார்.

"மூடிட்டா எங்க தட்டறது?"

போன் இருக்கிறதே என்றேன். காலையில் போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம், தினமும் காலையில் அந்தப் பயம் தனக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்றார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் ஒன்றை கில்லியன் வாங்கிக் கொடுத்திருந்தாள். அது சமையலறை இழுப்பறையில் ரப்பர் பாண்டுகளோடு கிடந்தது. மாட்டுக்குத்தான் மணி கட்டுவார்கள் என்பது ஹெட்டியின் கட்சி.

நான்கு நாள் அந்தப் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலை, தட்டி முடித்த கையோடு, வாசலில் வந்து நின்றார். தோளில் அளவு டேப் தொங்கியது.

"லிங்கன்ல அவ இருக்கற பக்கம் ஒரே சமவெளி கண்ணு. ஒரு மேடு கெடையாது. அங்க நான் எதப் பாத்து மூச்சு வாங்கறது? வா, அளந்துட்டு வரலாம்."

அளந்தோம். மரக்கடையில் பிளைவுட்டை அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்கள். கடைக்காரர், முழுக்க அடைத்தால் புகைபோக்கி உள்ளே வியர்த்து சுவரில் கறை இறங்கும், கீழே உள்ளங்கை அளவு ஒரு வலை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள் என்றார். ஹெட்டி, காற்றை வெளியே தள்ளத்தானே இந்தப் பாடு, அதற்கு டிக்கெட் கொடுத்து உள்ளே ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். கடைக்காரர் பள்ளிக்கூடத்தில் அவர் கையால் சாப்பிட்டவர். தானே வலையைப் பலகையில் பொருத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். முதலில் புகைபோக்கிக்குள் நெருப்பு நின்ற வருடம் அடைத்து, பாதி சரிந்துபோயிருந்த பழைய செய்தித்தாள்களை இழுத்தேன். தாளோடு மூன்று வாளிக் கரியும், சின்னக் காக்கைகள் கட்டிய கூட்டின் குச்சிகளும், மேல் இடுக்கில் கிடந்த ஒரு குழந்தையின் காலுறையும் வந்து விழுந்தன. நான் தலையிலிருந்து கால்வரை கறுத்துப் போனேன். ஹெட்டி சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். காலுறையை மட்டும் எடுத்துக் கழுவிக் கொடியில் போட்டார். சின்ன வயதில் அந்த ஒற்றைக் காலுறையைத் தொலைத்ததற்காகக் கில்லியனைத் திட்டியது நினைவிருக்கிறதாம்.

பலகையின் மேல் ஒட்டுவதற்கு மாடிப்படியின் கீழே அந்த அறையின் சுவர்க்காகிதத்தில் மிச்சம் ஒரு சுருள் வைத்திருந்தார். வெளிர் பழுப்பில் ரோஜாக் கொடி. எண்பத்தேழில் டெனிஸ் ஒட்டியது. பலகையின் கொடி சுவரின் கொடியோடு சேர வேண்டும் என்று மூன்று தடவை பிய்த்து ஒட்ட வைத்தார். சுவரில் இருந்த கொடி வெயிலில் மங்கிவிட்டது, சுருளில் இருந்தது மங்கவில்லை. அதனால் எத்தனை சேர்த்தும் அந்தச் சதுரம் மட்டும் புதிதாகத் தெரிந்தது.

பலகையைத் தூக்கி வைப்பதற்கு முன் என்னை என் வீட்டுக்குப் போகச் சொன்னார். போனேன். இரண்டு தட்டு கேட்டது. நான் கரண்டியை எடுத்துத் திருப்பித் தட்டினேன். கொஞ்ச நேரம் அங்கேயே மண்டியிட்டிருந்தேன். இன்னொரு தட்டு வரும் என்று ஏனோ நினைத்தேன். வரவில்லை. நான் திரும்பி வந்தபோது ஹெட்டி பலகையைத் தானே சாய்த்து வைத்துவிட்டு, திருகாணிகளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நின்றார். முடுக்கினேன்.

அதற்குப் பிறகுதான் ஒரு தொல்லை தெரிந்தது. அந்த அறையில் நாற்காலி, சோபா, முக்காலி எல்லாம் கணப்பைப் பார்த்தே போடப்பட்டிருந்தன. நெருப்பு இல்லாத ஒன்பது வருடமும் ஹெட்டி அந்தக் கறுப்பு வாயைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது எதிரே ரோஜாப் பலகை.

"செவுத்தப் பாத்து ஒக்கார நான் என்ன தப்பு செஞ்சேன்? டீச்சர் போட்ட தண்டனை மாதிரி இருக்கு."

நாற்காலியைத் திருப்பி ஜன்னலோரம் போட்டோம். அவருக்குத் தெரு முழுக்கத் தெரிந்தது. தபால்காரர் எந்த வீட்டில் எத்தனை நிமிஷம் நின்றார் என்பது முதல் எல்லாம் கணக்கில் வந்தது. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் புது ஏற்பாட்டை அவரே சொன்னார். காலை எட்டுக்குள் முன்ஜன்னல் திரையைத் திறந்துவிடுவார். நான் வேலைக்குப் போகும்போது பார்த்துக்கொண்டு போக வேண்டும். திறந்திருந்தால் ஆள் இருக்கிறது. திறக்காவிட்டால் வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அட்டை பதினைந்துக்கு ஏறியது. பிறகு பதினாறரை. மூன்றாம் வாரம் பதினெட்டைத் தொட்டு, அங்கேயே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. பெவர்லி குனிந்து பார்த்துவிட்டு மேலதிகாரிக்குக் காட்ட ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஹெட்டி இருமாமல் படியேறினார். கில்லியன் போனில், நல்லது, இன்னும் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாளாம். இல்லத்தில் கொடுத்த பெயரை அவள் எடுக்கவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை. எட்டு இருபதுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஹெட்டியின் திரை மூடியிருந்தது.

மணியை அடித்தேன். பதில் இல்லை. கடிதம் போடும் துவாரத்தில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். பின்பக்கம் ஓடிக் கதவைத் தட்டினேன். உள்ளே விளக்கு இல்லை. அடுத்து நான் செய்த முதல் காரியம், லிங்கனுக்குப் போன் போட்டதுதான். "அம்மா திரையைத் திறக்கல கில்லியன், கதவையும் திறக்கல" என்றேன். அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, அப்புறம் போன் வைக்கப்பட்டது. இரண்டாவதாக, பூந்தொட்டியை எடுத்துப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்தேன். உள்ளே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடியபோது கண்ணாடி மணிக்கட்டின் பக்கம் கிழித்தது. வலிக்கவில்லை, அப்போது.

முன்னறைக் கதவைத் தள்ளினேன். இருட்டில், கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கையுறையுமாக, ஹெட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து டோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது கேட்கும் கருவி தட்டின் பக்கத்தில் கிடந்தது. தொப்பி அதன் மேல் அழுத்தி வலிக்கிறதென்று கழற்றி வைத்திருந்தார்.

"யாரு செத்தது, நானா?" என்றார்.

நான் மூடிய திரையைக் காட்டினேன்.

"ஆர்னல்ட் இல்ல செத்தது? பதினோரு மணிக்கு அவனத் தெரு வழியா எடுத்துட்டுப் போறாங்க. தெறயத் தெறந்து வச்சுக்கிட்டா ஒக்காந்திருப்பாங்க? என்ன பொண்ணு நீ."

நாற்பத்தேழாம் எண் ஆர்னல்ட் ஹோல்ராய்டின் சவ ஊர்வலம். துக்க அட்டையில் நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். தெருவில் ஒருவரை எடுத்துப் போகும் நாளில் வண்டி போய் முடியும்வரை எல்லா வீட்டு முன்திரையும் மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் அதைச் செய்வது மூன்று நான்கு வீடுகள்தான். அன்று காலை என் தலையில் ஹெட்டியின் திரை மட்டுமே இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் எதிர்வீட்டுத் திரையும் மூடியிருந்தது தெரிந்திருக்கும்.

என் கையைப் பார்த்த பிறகுதான் ஹெட்டி எழுந்தார். கையுறையைக் கழற்றி, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, என்னைச் சமையலறைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டைக் கழுவினார். கண்ணாடித் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பாத்திரம் துடைக்கும் துணியில் சுத்தமானதைக் கிழித்துக் கட்டினார். கண்டக்டர் வேலையில் பஸ் படியில் விழுந்தவர்களுக்குக் கட்டிய பழக்கமாம், கட்டு இறுக்கமாக, நேர்த்தியாக இருந்தது. அதற்குள் நான் கில்லியனின் கைபேசிக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. அவளுக்குச் சொல்லிவிட்டேன் என்று ஹெட்டியிடம் சொன்னபோது அவர் முடிச்சைப் போட்ட கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"சரி," என்றார். "அப்ப ஏப்ரல்ல அந்த ரூமுதான் போல இருக்கு."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அழுதேன். ஹெட்டி எனக்கு மீதி டோஸ்டைக் கொடுத்தார்.

பத்தரைக்குக் கில்லியன் வந்தாள். உடைந்த பின்கதவு வழியாகவே உள்ளே வந்தாள். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். அதன் பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. வழி முழுக்க என்ன நினைத்துக்கொண்டு ஓட்டினேன் தெரியுமா, யாரிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன், இப்படி இன்னொரு காலை என்னால் முடியாது என்றாள். பெட்டியில் துணி எடுத்து வைக்கப் போவதாகச் சொல்லி மாடிக்கு இரண்டு படி ஏறினாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். தப்பு என்னுடையது, அம்மா சொன்னபடிதான் செய்தார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஹெட்டி நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"ஏ கில்லியன். அவ தெறயப் பாத்தது எத்தன மணிக்கு?"

"எட்டு இருபது," என்றேன் நான்.

"உள்ள வந்து என் மூஞ்சியப் பாத்தது?"

யோசித்தேன். கில்லியனுக்குப் போன் போட்டது எட்டு இருபத்தாறு, கண்ணாடி அதற்குப் பிறகு, எட்டரைக்குள் உள்ளே வந்துவிட்டேன் என்றேன்.

"பத்து நிமிஷம்," என்றார் ஹெட்டி. "சாகாதவளுக்கே பத்து நிமிஷத்துல கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு, கையக் கிழிச்சுக்கிட்டு ஓடி வர்றா. ஒங்க லிங்கன்ல எனக்காக யாரு கதவ ஒடப்பா? எட்டு மணிக்கு ரூமு ரூமா டீ குடுத்துக்கிட்டு வருவாங்க. என் ரூமுக்கு வர ஒம்பதே முக்கால் ஆவும்."

கில்லியன் படியில் நின்றபடி இருந்தாள். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கட்டைப் பார்த்து, தையல் போட வேண்டியிருக்குமோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேண்டியிருக்கும் என்றாள்.

பதினோரு மணிக்குத் தெருக்கோடியில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. ஹெட்டி தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்கதவைத் திறந்தார். மூன்று பேரும் வாசலில் நின்றோம். உறைபனி காதைக் கடித்தது. கறுப்பு வண்டி மேட்டில் நடக்கும் வேகத்தில் ஏறியது, அதற்கு முன்னால் உயரத் தொப்பியோடு, அடக்கம் நடத்துபவர் நடந்தார். எங்கள் எதிரே வந்தபோது ஹெட்டி தலையைக் குனிந்தார். கில்லியன் அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். நான் கட்டுப் போட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். வண்டி தேவாலயத்துப் பக்கம் மறையும்வரை யாரும் நகரவில்லை.

உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். கில்லியன் முன்னறையில் காலை வைத்ததும் சட்டென்று நின்றாள். குளிரிலிருந்து வந்த அவளுடைய மூக்குக் கண்ணாடியில் அறையின் சூடு பட்டு, இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி படிந்து மூடிக்கொண்டது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரையைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். சுவரோடு சேராத ரோஜாச் சதுரத்தின் முன்னால் போய்க் குனிந்து, விளிம்பில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். கீழே வலையில் மட்டும் லேசாக வந்திருக்கும். அங்கே கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"திங்கக்கெழம அந்த எடத்துக்குப் போன் பண்ணி ரூமு வேண்டாம்னு சொல்லிடறேம்மா," என்றாள், பலகையைப் பார்த்தே.

ஹெட்டி தொப்பியிலிருந்து ஊசியை உருவிக்கொண்டிருந்தார்.

"சொல்லு. இப்ப அந்தக் கோட்டக் கழட்டி மாட்டு. உள்ளயே போட்டுக்கிட்டிருந்தா, கெளம்பி வெளிய போறப்ப குளிர்ல அதோட அருமை தெரியாது."

கில்லியன் கோட்டைக் கழற்றினாள்.